அயர்லாந்து மீண்டும் ஒன்றாகுமா?

என்னிடம் வந்த கேள்வி இது: “அயர்லாந்து ஒரே தீவு. வடக்கிலும் தெற்கிலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். எல்லாரும் கிறிஸ்தவர்கள். பிறகு எதற்கு இரண்டு நாடு? வடக்கில் கத்தோலிக்கர்கள் எண்ணிக்கையில் முந்திவிட்டதாகச் செய்தி வந்ததே, இனி மறுஇணைப்பு வெறும் காலக்கணக்குதானா?”

கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ‘மறுஇணைப்பு’. முன்பு ஒன்றாக இருந்தது, பிறகு பிரிக்கப்பட்டது, இனி சேர வேண்டும் என்ற முழுக் கதையையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. தெற்கோடு சேர விரும்பும் வடக்கு அயர்லாந்தின் தேசியவாதிகளுக்கு அது வரலாற்று உண்மை. 1921 மே மாதம் வரை தீவின் முப்பத்திரண்டு கவுண்டிகளும் (மாவட்டங்களும்) டப்ளினிலிருந்துதான் நிர்வகிக்கப்பட்டன. லண்டன் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டமே அவற்றை வடக்கில் ஆறாகவும் தெற்கில் இருபத்தாறாகவும் வெட்டியது. பிரிட்டனோடு நீடிக்க விரும்பும் ஒன்றியவாதிகள் அதே வரலாற்றை வேறு விதமாகப் படிக்கிறார்கள். தீவு முழுவதும் ஒரே அரசாக இருந்தது பிரிட்டிஷ் முடியின் கீழ் மட்டுமே, சுதந்திரமான ஒன்றுபட்ட அயர்லாந்துக் குடியரசு என்று ஒன்று இருந்ததே இல்லை, ஆகவே ‘மறு’ என்ற முன்னொட்டுக்கே இடமில்லை என்பார்கள். (இங்கே ‘ஒன்றியம்’ என்பது பிரிட்டனோடான ஒன்றியம். 1801-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் பெயரால்தான் அவர்கள் ஒன்றியவாதிகள்.)

எல்லாப் பெயர்களும் இப்படித்தான். ஒருவர் டெரி என்று சொல்லும் நகரை இன்னொருவர் லண்டன்டெரி என்பார். 1998 சமாதான ஒப்பந்தம் ஒருவருக்குப் புனித வெள்ளி ஒப்பந்தம், மற்றவருக்கு பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம். ஒருவர் ‘வடக்கு’ அல்லது ‘ஆறு கவுண்டிகள்’ என்பார், மற்றவர் ‘அல்ஸ்டர்’ என்பார். அங்கே வாய் திறந்து ஓர் ஊர்ப்பெயரைச் சொன்னாலே கேட்பவர் உங்களை ஒரு பக்கத்தில் நிறுத்திவிடுவார். இந்தப் பிரச்சினையை வெறும் நிலப்பரப்புப் பிரச்சினையாக நான் பார்க்காததற்கு முதல் காரணம் இதுதான்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வடக்கு அயர்லாந்தின் ஏறத்தாழ 19 லட்சம் மக்களில் கத்தோலிக்கர்களும் கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர்களும் சேர்ந்து 45.7 விழுக்காடு. புராட்டஸ்டண்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணியினர் 43.5 விழுக்காடு. புராட்டஸ்டண்ட் பெரும்பான்மை நிலைக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து வரைந்த எல்லைக்குள் நூறு ஆண்டில் நடந்த மாற்றம் இது. அல்ஸ்டர் மாகாணத்தில் மொத்தம் ஒன்பது கவுண்டிகள். ஒன்பதையும் எடுத்தால் பெரும்பான்மை மிக மெலிதாகிவிடும் என்பதால் டொனிகல், கேவன், மொனகன் மூன்றையும் ஒன்றியவாதத் தலைவர்களே விட்டுவிட்டார்கள். அந்த மூன்று கவுண்டிகளில் 1912-இல் தன்னாட்சியை எதிர்த்துத் தங்களோடு ஒரே உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்த புராட்டஸ்டண்ட் மக்களையும் சேர்த்தே விட்டார்கள். மறுபுறம், கத்தோலிக்கப் பெரும்பான்மை கொண்ட ஃபெர்மானாவும் டைரோனும் வடக்கோடு சேர்க்கப்பட்டன. ஆக, இரு தரப்பிலும் கைவிடப்பட்டவர்களோடுதான் அந்த எல்லை பிறந்தது.

ஆனால் மதக் கணக்கு வாக்குக் கணக்கு ஆகாது. அதே கணக்கெடுப்பு தேசிய அடையாளத்தையும் கேட்டது. ‘பிரிட்டிஷ் மட்டும்’ என்றவர்கள் 31.9 விழுக்காடு, ‘ஐரிஷ் மட்டும்’ 29.1, ‘வடக்கு ஐரிஷ் மட்டும்’ 19.8. மீதிப் பேர் இவற்றைக் கலந்து சொன்னவர்கள் அல்லது வேறு நாட்டு அடையாளம் கொண்டவர்கள். பத்தாண்டுக்கு முன் ‘பிரிட்டிஷ் மட்டும்’ 39.9 ஆக இருந்தது, ஐரிஷ் 25.3. முந்தையது வேகமாகச் சரிந்திருக்கிறது. ஆனால் சரிந்தது அப்படியே ஐரிஷ் கணக்கில் போய்ச் சேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆண்டுதோறும் எடுக்கப்படும் சமூக ஆய்வு ஒன்றில் ‘நான் ஒன்றியவாதியும் அல்ல, தேசியவாதியும் அல்ல’ என்பவர்கள் மூன்றில் ஒருவருக்கும் அதிகமாகவே தொடர்ந்து இருந்துவருகிறார்கள். 2022 சட்டமன்றத் தேர்தலில் இவர்களில் பலருடைய வாக்கைப் பெற்ற அலையன்ஸ் கட்சி 90 இடங்களில் 17 இடங்களை வென்றது. இணைப்பை வேண்டும் தேசியவாதக் கட்சியான ஷின் ஃபெயின் 27 இடங்களோடு முதல் கட்சியானது. 2024 பிப்ரவரியில் அக்கட்சியின் மிஷெல் ஓநீல் முதலமைச்சரானார். தேசியவாதி ஒருவர் அந்தப் பதவியில் அமர்ந்தது அதுவே முதல் முறை. ஆனாலும் இணைப்புக்கு ஆதரவான கட்சிகள் பாதி வாக்கைத் தொடவில்லை.

நேரடியாக இணைப்பைப் பற்றியே கேட்ட கருத்துக்கணிப்புகளைப் பாருங்கள். ஐரிஷ் டைம்ஸ் நாளேடு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2022-இல் நடத்திய கணிப்பில், வடக்கில் இணைப்புக்கு ஆதரவு 27 விழுக்காடு, எதிர்ப்பு 50. கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிரிட்டனோடு இருப்பதையே விரும்பினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆதரவு மூன்றில் ஒரு பங்கு வரை ஏறியது. ஏற்றம் உண்மையானது. ஆனால் பெரும்பான்மை இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. தெற்கில் அதே கணிப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு. தெற்கின் ஆதரவு எவ்வளவு ஆழமானது என்பது தனிக் கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியின் முதல் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே மொழி, ஒரே தீவு, ஏன் இரண்டு நாடு? இதற்கு மதம் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதி உண்மைகூட இல்லை. அங்கே யாரும் இறையியலுக்காகச் சண்டையிட்டதில்லை. 1609 முதல் ஸ்காட்லாந்தின் தாழ்நிலங்களிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் மக்களைக் கொண்டுவந்து அல்ஸ்டரில் பறிமுதல் செய்த நிலங்களில் குடியேற்றினார்கள். வந்தவர் புராட்டஸ்டண்ட், நிலம் இழந்தவர் கத்தோலிக்கர். மதம் என்பது யார் வந்தவர், யார் இழந்தவர் என்பதைக் காட்டும் அடையாளச் சீட்டாகிவிட்டது. 1690-இல் பாயின் ஆற்றங்கரையில் புராட்டஸ்டண்ட் மன்னர் ஆரஞ்சு வில்லியம் பெற்ற வெற்றியை இன்றும் ஒவ்வொரு ஜூலை 12-ஆம் தேதியும் மேளம் அடித்து ஊர்வலம் போய்க் கொண்டாடுகிறார்கள். ஒருவருக்கு அது திருவிழா. அதே தெருவின் மறுமுனையில் இருப்பவருக்கு, தன் முன்னோர் தோற்றதை வருடம் தவறாமல் வாசலில் வந்து நினைவூட்டும் ஓசை.

ஆனால் இந்தக் கோடு எப்போதும் இப்படியே இருந்ததில்லை. பலர் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. அயர்லாந்துக் குடியரசுவாதம் ஒரு இயக்கமாகப் பிறந்ததே பெல்ஃபாஸ்டில்தான், அதுவும் பிரெஸ்பிட்டேரியன் (ஸ்காட்லாந்து மரபுப் புராட்டஸ்டண்ட் பிரிவு) வணிகர்களிடையே. 1791-இல் ‘ஒன்றுபட்ட ஐரிஷ்காரர்கள்’ சங்கத்தை அங்கே தொடங்கியவர்களில் பெரும்பாலோர் அவர்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், பிரெஸ்பிட்டேரியன் என்ற பெயர்களை விட்டுவிட்டு ஐரிஷ்காரர் என்ற பொதுப்பெயரை ஏற்க வேண்டும் என்று கேட்ட, அந்தச் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான வுல்ஃப் டோன் ஒரு புராட்டஸ்டண்ட். 1798 எழுச்சிக்காக பெல்ஃபாஸ்டின் தெருவில் தூக்கிலிடப்பட்ட ஹென்றி ஜாய் மெக்ராக்கன் ஒரு பிரெஸ்பிட்டேரியன். அவர்களுடைய பேரன் பேத்திகளே அடுத்த நூற்றாண்டில் ஒன்றியத்தின் உறுதியான காவலர்களாக மாறினார்கள். பெல்ஃபாஸ்டின் லினன் ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் பிரிட்டிஷ் பேரரசின் சந்தையோடு பிணைந்திருந்தன. பெரும்பான்மைக் கத்தோலிக்கர்களுக்கு வாக்குரிமை விரிவடைந்தபோது, டப்ளினில் நாடாளுமன்றம் அமைந்தால் அது யார் கையில் இருக்கும் என்பதும் தெளிவாகிவிட்டது. அடையாளம் இரத்தத்தில் ஓடுவது என்று நினைப்பவர்கள் இந்த நூறு ஆண்டைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

1912 செப்டம்பர் 28-ஆம் தேதி அல்ஸ்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆண்களும் பெண்களுமாகச் சேர்ந்து 4,70,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அவர்கள் எதிர்த்தது ஹோம் ரூலை, அதாவது அயர்லாந்துக்கான தன்னாட்சியை. (அந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. 1916-இல் அடையாற்றிலிருந்து அன்னி பெசன்ட் நடத்திய இயக்கத்தின் பெயர் அயர்லாந்திலிருந்து வந்ததே.) அந்த எதிர்ப்பின் தலைவர் எட்வர்ட் கார்சன் டப்ளின்காரர். அவர் விரும்பியது முழு அயர்லாந்தும் பிரிட்டனோடு இருப்பதை, ஆறு கவுண்டிகளை மட்டும் அல்ல. பிரிவினை முடிந்த பிறகு, 1921 டிசம்பரில் பிரபுக்கள் அவையில் அவர் பேசியது ஒரு மனிதன் மனமுடைந்து பேசிய பேச்சு. கன்சர்வேட்டிவ் கட்சியை ஆட்சிக்குக் கொண்டுவர நடந்த அரசியல் ஆட்டத்தில் தானும் அல்ஸ்டரும் அயர்லாந்தும் பொம்மைகளாக்கப்பட்டோம் என்று அந்த அவையிலேயே சொன்னார்.

1916 என்ற ஒரே ஆண்டு இரு தரப்புக்கும் பிறப்பு ஆண்டு. ஏப்ரலில் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி. ஜூலை முதல் நாள் பிரான்சின் சோம் போர்க்களத்தில் அல்ஸ்டர் படைப்பிரிவு முன்னேறியது. இரண்டே நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். ஒரு சமூகம் சுட்டுக் கொல்லப்பட்ட கிளர்ச்சித் தலைவர்களின் படங்களை வீட்டில் மாட்டியது. மற்றது போர் நினைவுத்தூணில் தன் தெருவின் பெயர்களைப் படித்து அழுதது. ஒருவரின் தியாகம் மற்றவருக்குத் துரோகமாகத் தெரிந்தது. முதல் உலகப் போரில் இறந்த பல்லாயிரம் கத்தோலிக்க ஐரிஷ் வீரர்களைத் தெற்கு அரசு பல பத்தாண்டுகள் பேசவே இல்லை. 1998 நவம்பரில் பெல்ஜியத்தின் மெசீன்ஸில் எலிசபெத் அரசியும் அயர்லாந்து அதிபர் மேரி மெக்கலீஸும் சேர்ந்து நினைவுப் பூங்காவைத் திறந்தபோதுதான் அந்த மௌனம் பெரிய அளவில் உடைந்தது.

தேசியவாதிகளின் காயம் வேறு. 1921-க்குப் பிறகு அவர்கள் தாங்கள் கேட்காத ஒரு நாட்டில் சிறுபான்மையாக விடப்பட்டார்கள். டெரி நகரில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. ஆனால் தொகுதிகள் வெட்டப்பட்ட விதத்தில் நகராட்சி ஒன்றியவாதிகள் கையிலேயே இருந்தது. உள்ளாட்சியில் வாக்குரிமை வீட்டோடு பிணைக்கப்பட்டிருந்தது. வீடு ஒதுக்குவதும் அதே நகராட்சிதான். வீடு கொடுத்தால் வாக்கும் கொடுத்ததாகிவிடும் என்பதால் வீடே கொடுக்கவில்லை. 1968 அக்டோபர் 5-ஆம் தேதி டெரியில் குடிமை உரிமை கேட்டுப் போனவர்களைப் போலீசார் தடியால் அடித்ததைத் தொலைக்காட்சி உலகுக்குக் காட்டியது. 1972 ஜனவரி 30-ஆம் தேதி அதே நகரில் பிரிட்டிஷ் இராணுவம் 13 பேரைச் சுட்டுக் கொன்றது, காயமடைந்த இன்னொருவர் பின்னர் இறந்தார். அந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் இல்லை என்று பிரிட்டிஷ் பிரதமர் ஒருவர் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1960-களின் இறுதியிலிருந்து 1998 வரை நீடித்த மோதலின் மூன்று பத்தாண்டுகளில் 3,500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்கே ஒன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் தூரத்திலிருந்து அயர்லாந்தை நேசிக்கும் பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். அந்த மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) போன்ற குடியரசுவாத ஆயுதக் குழுக்களே பொறுப்பு. 1987 நவம்பரில் எனிஸ்கில்லனில் போர் நினைவு நாளுக்காகக் கூடியிருந்தவர்களில் 11 பேரை ஐ.ஆர்.ஏ. குண்டு ஒன்று கொன்றது. எல்லையோரப் பண்ணைகளில் தந்தையை, அண்ணனை இழந்த புராட்டஸ்டண்ட் குடும்பங்களுக்கு ‘ஒன்றுபட்ட அயர்லாந்து’ என்ற சொல் ஒரு அரசியல் யோசனையாக முதலில் வந்து சேரவில்லை. துப்பாக்கியோடு வந்தது. அந்த நினைவைப் பொருட்படுத்தாமல் யாரும் அவர்களிடம் வாக்குக் கேட்க முடியாது.

தெற்கின் பங்கும் சிறிதல்ல. ‘ஹோம் ரூல் என்றால் ரோம் ரூல்’ என்று ஒன்றியவாதிகள் 1912-இல் எச்சரித்தார்கள். சுதந்திரம் பெற்ற தெற்கு அந்த எச்சரிக்கையைப் பல வகையில் மெய்ப்பித்துக் காட்டியது. 1937 அரசியலமைப்பு கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி இடம் கொடுத்தது, மணமுறிவைத் தடை செய்தது. அதே அரசியலமைப்பின் இரண்டாம், மூன்றாம் பிரிவுகள் முழுத் தீவும் தன் நிலமே என்று உரிமை கோரின. வா என்று அழைத்துக்கொண்டே கதவைச் சாத்தியதாகத்தான் பெல்ஃபாஸ்டில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1911-இல் தெற்கின் மக்களில் பத்தில் ஒருவர் புராட்டஸ்டண்ட். 1990-களில் அது மூன்று விழுக்காட்டளவுக்குச் சுருங்கியிருந்தது. போர், இடப்பெயர்வு, கலப்புத் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க வேண்டும் என்ற திருச்சபை விதி எனக் காரணங்கள் பல. பின்பு தெற்கு மாறியது. 1995-இல் மணமுறிவு, 2015-இல் ஒருபாலினத் திருமணம், 2018-இல் கருக்கலைப்பு என ஒவ்வொன்றையும் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றார்கள். வடக்கில் ஒருபாலினத் திருமணம் 2020-இல்தான் வந்தது, அதுவும் லண்டன் இயற்றிய சட்டத்தால். பழைய பயத்தின் காரணம் போய்விட்டது. ஆனால் பயம் காரணத்தைவிட நீண்ட ஆயுள் உடையது.

இந்த இடத்தில் 1998 ஏப்ரல் 10 ஒப்பந்தத்துக்கு வருகிறேன். உலகில் நடந்த சமாதான உடன்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வாசகம் அதில் இருக்கிறது. வடக்கு அயர்லாந்தின் மக்கள் அனைவரும் தம்மை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, அல்லது இரண்டுமாகவோ தம் விருப்பப்படி அடையாளப்படுத்திக்கொள்வதும் அவ்வாறே ஏற்கப்படுவதும் பிறப்புரிமை என்கிறது அது. இரு குடியுரிமைகளும் உண்டு. நாளை வடக்கின் நாட்டுரிமை மாறினாலும் இந்த உரிமை மாறாது. அதாவது, ஒன்றுபட்ட அயர்லாந்திலும் ஒருவர் பிரிட்டிஷ் குடிமகனாகவே வாழலாம். நிலம் யாருடையது என்ற கேள்வியையும் நான் யார் என்ற கேள்வியையும் அந்த ஒப்பந்தம் பிரித்து வைத்தது. தேசியவாதத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றில் இப்படிச் செய்யத் துணிந்தவர்கள் மிகச் சிலரே. 1998 மே 22-ஆம் தேதி வடக்கில் 71.1 விழுக்காட்டினரும் தெற்கில் 94.4 விழுக்காட்டினரும் ஏற்றார்கள். தெற்கு தன் நில உரிமைக் கோரிக்கையைத் தானே திருத்தி, இணைப்பு என்பது இரு பகுதி மக்களின் சம்மதத்தோடு மட்டுமே என்று எழுதிக்கொண்டது. பழைய கோரிக்கையை அமைதியாக விட்டுக்கொடுத்த அந்தப் பெருந்தன்மைக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

வாசகம் அழகானது, சட்டம் அதற்கு ஈடாக வளரவில்லை. வடக்கில் பிறந்து தம்மை ஐரிஷ் என்று மட்டுமே கருதிய ஒரு பெண் தம் கணவருக்கு வதிவிட உரிமை கேட்டபோது, நீங்கள் சட்டப்படி பிரிட்டிஷ் குடிமகள்தான், வேண்டாமென்றால் துறந்துவிடுங்கள் என்று பிரிட்டிஷ் அரசு வாதிட்டது. 2019-இல் தீர்ப்பாயமும் அரசின் பக்கமே நின்றது. அடுத்த ஆண்டு அரசு குடிவரவு விதியைத் திருத்தியது, குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தவில்லை. தெற்கிலும் குறை உண்டு. பெல்ஃபாஸ்டில் பிறந்த மேரி மெக்கலீஸ் பதினான்கு ஆண்டுகள் அயர்லாந்தின் அதிபராக இருந்தார். பெல்ஃபாஸ்டில் வாழும் ஓர் ஐரிஷ் குடிமகனால் அந்த அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது.

எல்லையைப் பற்றி ஒரு சொல். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளம், இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. இன்று நியூரியிலிருந்து டன்டால்க் போகும் பஸ்ஸில் இருப்பவர் நாடு மாறியதை அறிவது வேகப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வரும்போதுதான். காவல் கோபுரங்கள் மறைந்ததும், இரு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்ததும் சேர்ந்து, இணைப்புக் கேள்வியின் அவசரத்தைக் குறைத்திருந்தன. தன்னை ஐரிஷ் என்று உணர்பவர் அன்றாட வாழ்வில் அப்படியே வாழ முடிந்தது. 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பு அந்த அமைதியைக் கலைத்தது. வடக்கு அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்தும் வெளியேற்றப்பட்டார்கள். நில எல்லையில் சோதனை வேண்டாம் என்பதற்காகச் சோதனையை ஐரிஷ் கடலுக்கு மாற்றியபோது, பிரிட்டனுக்குள்ளேயே தங்களைத் தனிமைப்படுத்திவிட்டதாக ஒன்றியவாதிகள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் ஜனநாயக ஒன்றியக் கட்சி 2022 முதல் 2024 வரை இரண்டு ஆண்டு ஆட்சியையே முடக்கியது. வடக்கில் 2011-இல் சுமார் 3,75,000 ஆக இருந்த ஐரிஷ் பாஸ்போர்ட் உடையோர் எண்ணிக்கை 2021-இல் 6,14,000-ஐத் தாண்டியது. அவர்களில் பலர் ஐரோப்பாவில் தடையின்றிப் போய்வர அதை வாங்கியவர்கள். பாஸ்போர்ட்டை வைத்து மனத்தைக் கணிக்கக் கூடாது. ஆனால் ஒரு புராட்டஸ்டண்ட் குடும்பம் முதன்முறையாக அந்த விண்ணப்பத்தை நிரப்பும்போது ஏதோ ஒரு பழைய தயக்கம் நிச்சயம் தளர்ந்திருக்கிறது.

இப்போது தெற்கைப் பற்றிச் சொன்னதற்குத் திரும்புகிறேன். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு என்றேன். புதிய கொடி வேண்டியிருக்கும் என்றால்? புதிய தேசிய கீதம்? அப்படிக் கேட்டபோது, பாதிக்கு நெருக்கமானவர்கள் தாங்கள் ஆதரிக்கும் வாய்ப்புக் குறையும் என்றார்கள். எனக்கு இந்த ஒரு பதில் மற்ற எல்லா எண்களையும்விடக் கனமாகத் தெரிகிறது. பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்ற அந்தக் கொடியே சமரசத்துக்காக 1848-இல் எழுந்தது. கத்தோலிக்கர்களின் பச்சைக்கும் புராட்டஸ்டண்டுகளின் ஆரஞ்சுக்கும் நடுவில் வெள்ளை சமாதானம். ஆனால் அதே கொடி ஐ.ஆர்.ஏ. சவப்பெட்டிகளின் மேல் போர்த்தப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நடுவில் உள்ள வெள்ளை தெரியாது. அவர்களை ஒரே நாட்டுக்கு அழைத்துவிட்டு, எங்கள் கொடி, எங்கள் பாட்டு, எங்கள் வரலாறு எதுவும் மாறாது என்று சொன்னால் அது இணைப்பு ஆகாது, சேர்த்துக்கொள்வது ஆகும். தெற்கு இன்னும் பிரிவினையைத் தீர்க்கப்பட வேண்டிய அநீதியாக நினைக்கிறதே தவிர, தானும் மாற வேண்டிய ஒரு நாடு என்று நினைக்கப் பழகவில்லை. ரக்பி விளையாட்டு இதற்கு ஒரு நல்ல பாடம். தீவு முழுவதற்கும் ஒரே அணி. 1995 முதல் யாரையும் புண்படுத்தாத ஒரு தனிப் பாடலைப் பாடுகிறார்கள். அதைத் தட்டையான பாட்டு என்று குறை சொல்பவர்கள் நிறைய. ஆனாலும் பெல்ஃபாஸ்ட்காரரும் லிமரிக்காரரும் தோளில் கை போட்டு அதைப் பாடுகிறார்கள்.

பணமும் பேச வேண்டிய விஷயமே. வடக்கின் வரி வருவாய்க்கும் செலவுக்கும் இடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி பவுண்டு இடைவெளி, அதை லண்டன் நிரப்புகிறது. இணைந்தால் தெற்கு ஆண்டுக்கு 800 கோடி முதல் 2,000 கோடி யூரோ வரை சுமக்க வேண்டியிருக்கும் என்று 2024-இல் பொருளியலாளர்கள் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டும் எட்கர் மோர்கன்ராத்தும் கணித்தார்கள். ஓய்வூதியக் கடமையையும் பிரிட்டிஷ் கடன் பங்கையும் லண்டனே ஏற்றால் தொகை மிகவும் குறையும் என்று மறுப்பவர்களும் உண்டு. சாதாரண வாக்காளருக்கு இந்தக் கோடிகளைவிட மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் கட்ட வேண்டுமா என்பதே பெரிது. வடக்கில் கட்டணம் இல்லை, தெற்கில் பலர் கட்டுகிறார்கள். ஆனால் வடக்கின் மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் பிரிட்டனிலேயே மிக நீளமானது. எனவே இந்த வாதமும் முன்போல் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை.

வாக்கெடுப்பு எப்படி வரும் என்பதில்தான் கடுமையான கருத்து வேறுபாடு. பெரும்பான்மை இணைப்பை ஆதரிக்க வாய்ப்புண்டு என்று வடக்கு அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்குத் தோன்றினால் அவர் நடத்தியே ஆக வேண்டும். எந்த அளவுகோலால் அவருக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஒருமுறை நடந்தால் அடுத்ததற்கு ஏழு ஆண்டு இடைவெளி வேண்டும். பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். இத்தனை மெலிதான வித்தியாசத்தில் நாட்டை மாற்றினால் பழைய தவற்றையே தலைகீழாகச் செய்வோம், இரு சமூகங்களின் இசைவும் வேண்டும் என்று வாதிட்டவர் ஷேமஸ் மாலன். அவர் ஒன்றியவாதி அல்ல, வாழ்நாள் முழுவதும் தேசியவாதி. அவருடைய கவலை உண்மையானது. ஆனாலும் நான் அவரோடு உடன்படவில்லை. ஒன்றியத்தில் நீடிக்க ஐம்பது விழுக்காடு போதும் என்று கால் நூற்றாண்டு சொல்லிவிட்டு, வெளியேற மட்டும் அதற்கு மேல் வேண்டும் என்றால், ஒரு தரப்பின் வாக்கு மற்றதைவிடக் குறைந்த எடை உடையது என்று அர்த்தம். டெரியின் பழைய தொகுதி வரைபடமும் அதைத்தான் சொன்னது. விதியை மாற்றாமல் தயாரிப்பை மாற்ற வேண்டும். வடக்கின் சட்டமன்றம் தொடருமா, மருத்துவம் எப்படி அமையும், போலீஸ் யாருடையது, பிரிட்டிஷ் அடையாளத்துக்கு எழுதப்பட்ட பாதுகாப்பு என்ன என்பதை வாக்குச் சீட்டு அச்சாகும் முன்பே டப்ளின் எழுதி வெளியிட வேண்டும். என்ன வரும் என்று தெரியாமல் வாக்களித்தால் என்ன ஆகும் என்பதை பிரெக்சிட் காட்டிவிட்டது. ஜனநாயக ஒன்றியக் கட்சியின் முன்னாள் தலைவர் பீட்டர் ராபின்சனே 2018-இல், வீடு தீப்பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆனாலும் காப்பீடு எடுக்கிறேன் என்ற பொருளில் தம் மக்களைத் தயாராகச் சொன்னார். அதற்காகத் தம் தரப்பிலேயே கடும் கண்டனம் வாங்கினார்.

கிழக்கு பெல்ஃபாஸ்ட் ஒன்றியவாதத்தின் இதயம். அங்கே லிண்டா எர்வின் என்ற புராட்டஸ்டண்ட் பெண்மணி 2011 முதல் ஐரிஷ் மொழி வகுப்புகள் நடத்திவருகிறார். அவரிடம் வரும் பலர் ஒன்றியத்தை விட்டுக்கொடுக்க எண்ணாதவர்கள். தங்கள் ஊர், ஆறு, மலையின் பெயர்களுக்குப் பொருள் தெரிய வேண்டும் என்று வருகிறார்கள். தம் பாட்டன்மாரில் சிலரும் இந்த மொழியைப் பேசியிருக்கிறார்கள் என்பதை அங்கே தெரிந்துகொள்கிறார்கள். இரு பக்கமும் இதைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் உண்டு. எனக்கோ, இந்த முழுப் பிரச்சினையிலும் நம்பிக்கை தரும் இடம் அந்த வகுப்பறைதான். ஐரிஷ் மொழி இணைப்புக்கான படிக்கட்டாக அல்லாமல் அதன் சொந்த மதிப்புக்காகவே அங்கே படிக்கப்படுகிறது.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: உறுதி இல்லை. இந்தப் பத்தாண்டுக்குள் வாக்கெடுப்பு வரும் என்றும் நான் நினைக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் விழுக்காடு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, அலையன்ஸுக்கு வாக்களிக்கும் முப்பது வயதுக்காரர் ஒருவர் தம் வேலைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் எந்த நாடு நல்லது என்று நினைக்கிறார் என்பது. மற்றது, டொனிகலின் புற்றுநோயாளிகள் எல்லை தாண்டி டெரி மருத்துவமனைக்கும், பெல்ஃபாஸ்டின் குழந்தைகள் இதய அறுவைக்காக டப்ளினுக்கும் இன்றே போய்வருகிறார்கள். அந்த ஏற்பாடுகள் இன்னும் எத்தனை துறைக்கு விரிகின்றன என்பது.